மார்கழித் தேங்காய் எண்ணெயும் லடாக் லாரிகளும்



கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள். வகுப்பில் செய்வதுபோல ஒரு கேள்வியோடு ஆரம்பிக்கிறேன். மார்கழி மாதக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு வராது. என்ன செய்வோம்? வெயிலில் வைப்போம், அல்லது வெந்நீரில் நிறுத்துவோம். சரி, உறைந்தது தேங்காய் எண்ணெய் இல்லை, லாரி டேங்கில் இருக்கும் 150 லிட்டர் டீசல் என்றால்? வெளியே மைனஸ் 25 டிகிரி, வெயில் வர இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கிறது, ஆனால் லாரி இப்போதே கிளம்ப வேண்டும் என்றால்?

புதுக்கோட்டைக்காரருக்கு எதற்கு இந்தக் கேள்வி என்று நினைக்காதீர்கள். நம் மாவட்டத்தில் எந்தக் கிராமத்தை எடுத்துக்கொண்டாலும் பட்டாளத்துக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். லாரி ஓட்டி வடக்கே காஷ்மீர் வரை போய் ஆப்பிள் ஏற்றி வந்தவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் அங்கே செய்த ஒரு வேலையைப் பற்றி எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. அந்த வேலையின் வரலாறுதான் இந்தப் பதிவு.

முதலில் டீசல் எஞ்சினைப் பற்றி இரண்டு வார்த்தை. பெட்ரோல் எஞ்சினில் பிளக் என்று ஒன்று உண்டு. அது பொறியைத் தட்டினால் பெட்ரோல் பற்றிக்கொள்ளும். டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. காற்றை ஒரு சிறிய இடத்துக்குள் இறுக்கி அழுத்தினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுகிறதே, அதே சங்கதிதான். எஞ்சினுக்குள் இந்தச் சூடு 500 டிகிரிக்கு மேல் போகும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானாகவே எரியும். இதைக் கண்டுபிடித்தவர் ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர். 1897ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரத்துத் தொழிற்சாலையில் அவருடைய எஞ்சின் வெற்றிகரமாக ஓடியது. 1900ஆம் ஆண்டு பாரீஸ் கண்காட்சியில் ஒரு டீசல் எஞ்சினை நிலக்கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். ஆலங்குடிப் பக்கம் கடலை போடுகிறவர்கள் இதைக் கேட்டுச் சந்தோஷப்படலாம்!

மின்சார மோட்டார் வருவதற்கு முன் நம் கிணற்றடிகளில் ஓடிய ஆயில் எஞ்சினை ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஹேண்டிலைப் போட்டு ஒருவர் சுற்றுவார். தலைப்பக்கம் இருக்கும் சின்ன நெம்புகோலைத் தூக்கி வைத்திருந்தால் எஞ்சினுக்குள் காற்று இறுகாது, சுற்றுவது லேசாக இருக்கும். வேகம் வந்ததும் நெம்புகோலைப் படீரென்று விடுவார்கள். அந்த வேகத்தில் காற்று இறுகி, சூடேறி, 'டப் டப்' என்று எஞ்சின் பிடித்துக்கொள்ளும். மார்கழி, தை மாதக் காலைகளில் அது சுலபத்தில் பிடிக்காது. இரண்டு பேர் மாற்றி மாற்றிச் சுற்றி வேர்த்துப் போவார்கள். நம் ஊரின் 20 டிகிரிக் குளிருக்கே அந்தப் பாடு.

குளிர் ஒரு டீசல் லாரியை எப்படி மடக்கிப் போடுகிறது என்று வரிசையாகப் பார்ப்போம்.

ஒன்று, காற்று. எஞ்சின் இரும்பு பனிக்கட்டிபோலக் குளிர்ந்திருந்தால், அழுத்தத்தால் வரும் சூட்டை அந்த இரும்பே உறிஞ்சிவிடும். டீசல் எரியாமல் வெள்ளைப் புகையாக வெளியே போகும். லே நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றும் நம் ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான்.

இரண்டு, எஞ்சின் ஆயில். குளிரில் அது பாகுபோலக் கெட்டியாகிவிடும். எஞ்சினைச் சுற்றுவதே கஷ்டம்.

மூன்று, பேட்டரி. மைனஸ் 18 டிகிரியில் பேட்டரியின் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும். வேலை இரட்டிப்பாகும் நேரத்தில் கூலிக்காரரின் பலம் பாதியாவதுபோல. 'செல்ஃப்' எடுக்காது.

நான்கு, தண்ணீர். உறையும்போது தண்ணீர் சுமார் 9 சதவீதம் பெருக்கும் என்று அறிவியல் வகுப்பில் படித்திருப்பீர்கள். ரேடியேட்டரில் தண்ணீரை அப்படியே விட்டுவிட்டுத் தூங்கினால், காலையில் எஞ்சின் பிளாக் வெடித்துக் கிடக்கும்.

ஐந்து, டீசல். இதுதான் பெரிய வில்லன். டீசலில் இயற்கையாகவே மெழுகு கலந்திருக்கிறது. குளிர் கூடக் கூட அந்த மெழுகு முதலில் மங்கலாகத் திரளும், பிறகு ஃபில்டரை அடைக்கும், கடைசியில் டீசல் ஓட்டத்தையே நிறுத்திவிடும். மற்ற நான்கையும் சமாளித்து எஞ்சினைக் கிளப்பிவிட்டாலும், இரண்டு நிமிடத்தில் ஃபில்டர் அடைத்து வண்டி நின்றுபோகும்.

இனி வரலாறு.

1948ஆம் ஆண்டு நவம்பர் 1. காஷ்மீரிலிருந்து லடாக் போகும் வழியில் உள்ள சோஜிலா கணவாய். உயரம் 11,500 அடிக்கு மேல். அங்கே பனிக்கு நடுவே ஜெனரல் திம்மையா 7ஆவது லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்குகளைக் கொண்டுபோய் நிறுத்தினார். அவ்வளவு உயரத்துக்கு டாங்கு வரும் என்று எதிரிகள் கனவிலும் நினைக்கவில்லை. வெறும் கோவேறு கழுதைப் பாதையாக இருந்ததை டாங்கு போகும் பாதையாக வெட்டியவர்கள் யார் தெரியுமா? மெட்ராஸ் சாப்பர்ஸ், நம் தென்னாட்டு வீரர்கள். மேஜர் தங்கராஜு என்ற அதிகாரியின் பெயரை அந்தப் போர் வரலாற்றில் காணலாம். வெயிலில் பிறந்தவர்கள் பனியில் பாதை போட்டார்கள். அந்த டாங்குகள் பெட்ரோலில் ஓடியவை. பெட்ரோலுக்கு மெழுகுத் தொல்லை கிடையாது.

அதற்குப் பிறகு நாடு டீசலுக்கு மாறியது. 1954இல் டாடா நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி தயாரிக்க ஆரம்பித்தது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955இல் இங்கிலாந்தின் லேலண்டோடு சேர்ந்து அசோக் லேலண்ட் ஆனது. தொழிற்சாலை நம் எண்ணூரில். 1959இல் ஜபல்பூரில் ராணுவத்துக்காக ஒரு லாரி உருவானது. ஜெர்மனியின் எம்.ஏ.என். நிறுவனத்தின் உரிமத்தில் செய்யப்பட்ட அந்த வண்டிதான் 'சக்திமான்'. பட்டாளத்தில் இருந்தவர்களிடம் இந்தப் பெயரைச் சொன்னாலே முகம் மலரும். ருடால்ஃப் டீசல் தன் முதல் எஞ்சினை ஓட்டிய ஆக்ஸ்பர்க் தொழிற்சாலைதான் பின்னாளில் எம்.ஏ.என். ஆனது என்பது ஓர் அழகான ஒற்றுமை.

1960ஆம் ஆண்டு மே மாதம் எல்லைச் சாலைகள் அமைப்பு தொடங்கப்பட்டது. 1962 வாக்கில் ஸ்ரீநகரிலிருந்து லே வரை வண்டிப் பாதை வந்தது. அந்த ஆண்டே சீனப் போரும் வந்தது. அதன்பின் ஆயிரக்கணக்கான வீரர்கள் குளிர்காலம் முழுவதும் அந்த மலைகளில் இருக்க வேண்டியதாயிற்று. 1984 ஏப்ரலில் சியாச்சினும் சேர்ந்துகொண்டது. பனியால் கணவாய்கள் மூடிவிட்டால் பல மாதங்களுக்கு வெளித் தொடர்பு கிடையாது. உள்ளே இருக்கும் முகாம்களுக்கு அரிசி, மண்ணெண்ணெய், மருந்து, குண்டு எல்லாம் அங்கேயே இருக்கும் லாரிகளில்தான் போக வேண்டும். ஒரு லாரி காலையில் கிளம்பவில்லை என்றால் ஒரு முகாமுக்கு அன்றைய அடுப்பு எரியாது.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டிய முடிச்சு இருக்கிறது. எஞ்சினின் பூர்வீகம் ஜெர்மனி, இங்கிலாந்து. குளிரை அறிந்த நாடுகள். டீசலோ நம் நாட்டு வெயிலுக்குத் தயாரானது. இந்தியத் தர விதிப்படி டீசலின் ஓட்டம் நிற்கும் வெப்பநிலை கோடையில் 15 டிகிரி வரையும், குளிர்காலத்தில் 3 டிகிரி வரையும் இருக்கலாம். புதுக்கோட்டைக்கும் நாமக்கல்லுக்கும் அது தாராளம். திராஸில், சியாச்சின் அடிவார முகாமில், மைனஸ் 30இல் அது என்ன ஆகும்? எஞ்சினுக்கும் டீசலுக்கும் நடுவே இருந்த அந்த இடைவெளியை அடைத்தது டிரைவரின் கைதான்.

எப்படி அடைத்தார்கள் என்பதை என்னிடம் படித்த ஒரு மாணவரே சொன்னார். ராணுவத்தில் வண்டி ஓட்டும் பிரிவில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வுபெற்றவர். அதில் இரண்டு குளிர்காலம் லடாக்கில். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. பொங்கலுக்கு ஊருக்கு வந்தவர் என்னைப் பார்க்க வந்தார். "அங்க என்னப்பா வேலை?" என்று கேட்டேன். "வண்டி ஓட்றது கொஞ்ச நேரந்தான் சார். அதக் கெளப்புறதுதான் வேல" என்றார்.

சாயங்காலம் வண்டியை நிறுத்தும்போதே மறுநாள் வேலை ஆரம்பித்துவிடுமாம். முடிந்தவரை இறக்கத்தில், முகப்பு கீழ்நோக்கி இருக்கும்படி நிறுத்துவார்கள். செல்ஃப் கைவிட்டாலும் உருட்டிக் கிளப்பலாமே. உறையாமல் இருக்க ஊற்றும் மருந்துத் தண்ணீர் தீர்ந்துபோன நாட்களில் ரேடியேட்டர் தண்ணீரைச் சொட்டு மிச்சமில்லாமல் இறக்கிவிடுவார்கள். பேட்டரியைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போய், தாங்கள் படுக்கும் கூடாரத்தில் கணப்பு அடுப்புக்கு அருகே வைப்பார்கள். பானெட்டின் மேல் பழைய கம்பளிகளைப் போர்த்துவார்கள். டீசலில் அளவு பார்த்து மண்ணெண்ணெய் கலப்பார்கள். மண்ணெண்ணெய் கலந்தால் மெழுகு திரள்வது தள்ளிப்போகும். ஆனால் அளவு மிஞ்சினால் வழுவழுப்புக் குறைந்து டீசல் பம்ப் தேய்ந்துவிடும்.

அவசர உத்தரவு வரக்கூடிய இரவுகளில் இன்னொரு முறை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருவர் முறைபோட்டு எழுந்து, எல்லா வண்டியையும் கிளப்பிக் கால் மணி நேரம் ஓடவிட்டு அணைக்க வேண்டும். "நாங்க தூங்குறது கோழித் தூக்கம் சார்" என்றார்.

இவ்வளவு செய்தும் கிளம்பாத வண்டிக்குக் கடைசி மருந்து நெருப்பு. ஒரு தகர டின்னில் மணலை நிரப்பி மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தி, எஞ்சினுக்கு அடியில் ஆயில் இருக்கும் பகுதிக்கு நேராக நகர்த்தி வைப்பார்கள். ஆயில் இளகியதும் அதே டின் டீசல் டேங்குக்கு அடியில் போகும். நெருப்பு ரொம்பவும் தாழ்ந்தால் வேலைக்கு ஆகாது, ஓங்கினால் ரப்பர் குழாய் பற்றிக்கொள்ளும். ஒருவர் கையில் மண் வாளியோடு நின்றுகொண்டே இருப்பார். இது எந்தப் பயிற்சிப் புத்தகத்திலும் படித்து வந்ததல்ல. முன்னால் இருந்த ஹவில்தார் செய்ததைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டதாம்.

பிறகு ஃபில்டரைக் கழற்றி மெழுகை எடுத்துவிட்டு, குழாயில் அடைத்த காற்றை எடுக்க வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு அந்தச் சின்ன நட்டுகளைத் திருக முடியாது. கையுறையைக் கழற்றினால் இரும்பு தோலைப் பிடித்துக்கொள்ளும். அதைவிட மோசம், டீசல் கையில் வழிவது. மைனஸ் 25இல் இருக்கும் டீசல் கெட்டியாகாமல் வழிகிறது என்றாலும், அதன் குளிரும் மைனஸ் 25தானே! தண்ணீராக இருந்தால் எப்போதோ உறைந்திருக்கும். அந்த டீசல் பட்ட இடம் சில நொடிகளில் மரத்துப்போகும். என் மாணவர் வலது கையை நீட்டிக் காட்டினார். இரண்டு விரல்களின் நுனி வெளுத்து, தோல் இறுகி இருந்தது. "டீ டம்ளரு சுடுதான்னு இந்த வெரல்ல தெரியாது சார், இடது கையாலதான் தொட்டுப் பாப்பேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

இன்னொன்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது சிரிக்கவில்லை. குளிர் தாங்காமல் எஞ்சினை ஓடவிட்டுக் கேபின் கண்ணாடியை ஏற்றி மூடிக்கொண்டு தூங்கியவர்களும், காற்றுப் போக வழியில்லாத கூடாரத்தில் கணப்பு அடுப்பைப் பற்றவைத்துத் தூங்கியவர்களும் காலையில் எழுந்ததில்லை. கார்பன் மோனாக்சைடு. வாசனை கிடையாது, நிறம் கிடையாது. நம் ஊர்ப் பிள்ளைகள் ஊட்டி, கொடைக்கானல் போகும்போதும் இதை நினைவில் வையுங்கள். அடைத்த அறைக்குள் கரி அடுப்பு வைக்கவே கூடாது.

குளிரிடம் சிக்கித் தவித்தவர்கள் நாம் மட்டுமல்ல. 1941 டிசம்பரில் மாஸ்கோவை நெருங்கிய ஜெர்மன் படையின் வண்டிகள் ரஷ்யக் குளிரில் கிளம்ப மறுத்தன. அவர்களும் எஞ்சினுக்கு அடியில் நெருப்பு மூட்டினார்கள். குளிரில் பழகிய ரஷ்யர்கள் தங்கள் டி-34 டாங்கின் டீசல் எஞ்சினுக்கு அழுத்தக் காற்று சிலிண்டர் வைத்திருந்தார்கள். பேட்டரி படுத்துவிட்டால் அந்தக் காற்றை விட்டே எஞ்சினைச் சுழற்றுவார்கள். கனடாவில் இருக்கும் என் மாணவர்களுக்குத் தெரிந்திருக்கும், அங்கே பல ஊர்களில் வண்டியின் முகப்பிலிருந்து ஒரு மின்சார வயர் தொங்கும். இரவில் அதைச் சொருகிவிட்டால் எஞ்சின் கதகதப்பாகவே இருக்கும். நம் ஊரில் டீசல் ஜீப், அம்பாசடர் ஓட்டியவர்கள் சாவியைத் திருப்பி 'ஹீட்டர் பிளக்' சூடாகட்டும் என்று காத்திருப்பார்களே, அதுவும் இதே நோய்க்கான சின்ன மருந்துதான்.

ஆனால் மேலைக் குளிர் நாடுகளில் குளிர்காலத்துக்கென்று தனி டீசல் பல காலமாகவே பெட்ரோல் பங்குகளில் கிடைக்கிறது. நமக்கு அது எப்போது வந்தது? 2019 நவம்பர் 17. அன்றுதான் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் குளிர்கால டீசலை லடாக்குக்காக உள்துறை அமைச்சர் அமித் ஷா காணொலி வழியே தொடங்கி வைத்தார். பானிபட் சுத்திகரிப்பு ஆலையில் தயாரானது. மைனஸ் 33 டிகிரி வரை ஓட்டம் நிற்காது. 1962இலிருந்து கணக்குப் போடுங்கள், 57 ஆண்டுகள்.

யாரையும் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாட்டில் விற்கும் டீசலில் லடாக்கின் பங்கு கடுகளவு. கடுகளவு தேவைக்குத் தனியாக ஒன்றைத் தயாரிப்பது எந்த நிறுவனத்துக்கும் சுலபமில்லைதான். ஆனால் ஒரு வரலாற்று ஆசிரியனாக எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். டிரைவர்கள் எப்படியோ வண்டியைக் கிளப்பிவிட்டார்கள். தினமும் கிளப்பிவிட்டார்கள். அதனாலேயே அது ஒரு பிரச்சினையாக மேலே இருப்பவர்களின் கண்ணில் உறுத்தாமல் போயிருக்கலாம். வீட்டிலும் இதைப் பார்க்கிறோமே! அம்மா ஈர விறகை ஊதி ஊதி எப்படியோ நேரத்துக்குச் சமைத்துவிடுவதால், விறகு ஈரம் என்பது மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாது.

இன்று நிலைமை எவ்வளவோ மாறிவிட்டது. எண்ணூர் அசோக் லேலண்டின் 'ஸ்டாலியன்' லாரிகள் பழைய சக்திமானின் இடத்துக்கு வந்துவிட்டன. ரோதாங் மலைக்கு அடியில் 2020 அக்டோபரில் அடல் சுரங்கப்பாதை திறந்தது. சோனமார்க் சுரங்கம் 2025 ஜனவரியில் திறந்தது. சோஜிலாவுக்குக் கீழேயும் சுரங்கம் குடைந்துகொண்டிருக்கிறார்கள். நல்லது. இனி ஒரு பிள்ளைக்கும் விரல் மரத்துப்போக வேண்டாம்.

என் மாணவர் கிளம்பும்போது சொன்ன ஒரு வார்த்தைதான் என்னை இவ்வளவு எழுத வைத்தது. ஊரில் சிலர், "நீ துப்பாக்கியா புடிச்ச, வண்டிதானே ஓட்டுன" என்று கேட்பார்களாம். அவரும் பதில் சொல்லாமல் போய்விடுவாராம். அவர்கள் படிக்க வேண்டும் என்றே இதை எழுதினேன். மலை உச்சியில் துப்பாக்கி பிடித்து நின்றவருக்குச் சோறும் குண்டும் போய்ச் சேர்ந்தது, அடிவாரத்தில் இரவு இரண்டு மணிக்கு எழுந்து டின்னில் நெருப்பு மூட்டிய ஒருவரால்தான். சோஜிலாவுக்குத் திம்மையாவின் பெயர் இருக்கிறது. ஒரு குளிர்காலம் முழுவதும் லாரிகளைக் கிளப்பியவர்களின் பெயர் எங்கும் இல்லை.

ஆகவே ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். உங்கள் வீட்டில், தெருவில், சித்தப்பாவோ மாமாவோ பெரியப்பாவோ பட்டாளத்து டிரைவராகவோ, காஷ்மீர் லோடு ஓட்டிய லாரி டிரைவராகவோ, கிளீனராகவோ இருந்திருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஆண்டு, எந்த இடம், என்ன வண்டி, எப்படிக் கிளப்பினீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதைச் சொன்னபடியே கீழே எழுதுங்கள். எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலை வேண்டாம், இந்த ஒரு முறை மதிப்பெண் குறைக்க மாட்டேன். அவர்களில் பலருக்கு இப்போது எழுபது வயதாகிறது. தள்ளிப் போடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று ஆசிரியர்